மழையில் பிரித்த வீடு

மகனே, இந்தக் கடிதத்தைப் பகவதியையும் பக்கத்தில் இருத்திக்கொண்டு படி. உனக்குத் தனியாக எழுத வேண்டிய இரகசியம் எதுவும் என்னிடம் இல்லை. பாதியைப் படித்துவிட்டு மீதியை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளும் ஆள் நீ என்பதால், சாட்சிக்கு ஒருத்தி இருப்பது நல்லது. என் எழுத்து கோழி கிளறிய முற்றம்போல இருக்கும். உனக்குக் கல்யாணம் ஆன பிறகாவது அம்மாவின் கையெழுத்தைக் கேலி செய்யாமல் இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன்.

நீ எழுதியது வந்து சேர்ந்தது. திருவனந்தபுரத்தில் காற்று வருகிற பெரிய வீடாகப் பார்த்துவிட்டாய், இனி நான் இராஜாக்கமங்கலத்தில் தனியே கிடக்க வேண்டாம், சித்திரை பிறக்கும் முன் வீட்டை ஒழித்துக்கொண்டு புறப்பட வேண்டும் என்கிறாய். படித்ததும் எனக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில்தான். இந்தக் காலத்தில் எத்தனை பிள்ளைகள் தாயை இப்படி அழைக்கிறார்கள்? அதுவும் பகவதி தன் கையால் இரண்டு வரி எழுதி, “மாமி வந்தால்தான் அடுப்பு பற்றும்” என்று சேர்த்திருக்கிறாளே, அதற்கே நான் நடந்தாவது வந்துவிடுவேன். அன்று சாயங்காலமே மூட்டை கட்டத் தொடங்கிவிட்டேன். ஆனால் மூன்றாவது பக்கத்தின் அடியில் ஒரு வரி எழுதியிருக்கிறாய். வீடு முழுவதும் அயினிப் பலகை, நல்ல மரம், அதை வாங்க ஒரு மர வியாபாரியிடம் பேசிவிட்டேன், அந்தப் பணத்தில் புது வீட்டுக்குக் கட்டிலும் அலமாரியும் செய்துவிடலாம் என்று. அந்த வரியைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

முதலில் மூட்டையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மறந்துவிடும். உங்கள் ஊரில் காற்றைப் பிழிந்தால் தண்ணீர் வரும் என்று நீயே எழுதியிருக்கிறாய். பாயிலும் தலையணையிலும் பூசணம் பூக்கிறதாம், உன் செருப்புக்கு மீசை முளைத்ததாம். அதனால் மெத்தையை மூன்று வெயில் காயவைத்துச் சுருட்டியிருக்கிறேன். புடவைகளுக்கு நடுவே வேப்பிலையும் வசம்பும் வைத்திருக்கிறேன். இரும்புச் சாமானுக்கெல்லாம் தேங்காய் எண்ணெய் தடவியாகிவிட்டது. உப்பு போட்டுவைக்கும் மரவையை மட்டும் கொண்டுவர மாட்டேன், அது இங்கேயே அழுதுகொண்டிருக்கிறது, அங்கே வந்தால் ஆறாக ஓடும். நீங்களும் பழைய வாடகை வீட்டிலிருந்து புது வீட்டுக்கு மாறும்போது ஒன்று செய்யுங்கள். பகவதியின் சாமான்களை முதலில் ஏற்றுங்கள். தன் சாமான் முதலில் போய் இறங்கிய வீடுதான் ஒரு பெண்ணுக்குத் தன் வீடாகத் தோன்றும். இதை நான் எங்கிருந்தும் படிக்கவில்லை, உன் அப்பாவின் வண்டியில் கடைசியாக ஏற்றிய என் நார்ப்பெட்டி சொன்னது.

இந்த வேலையெல்லாம் நான் தனியாகவா செய்கிறேன் என்று நீ கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். தாணு அத்தான் வந்து செய்கிறான். விடிந்ததும் வயலைப் பார்த்துவிட்டு அங்கிருந்து நடந்தே வந்துவிடுகிறான். இதை எழுதும்போதுகூட முற்றத்தில் அம்மிக்கல்லுக்கு வைக்கோல் சுற்றிக்கொண்டு, “மாமி, திருவனந்தரத்துல கல்லு கெடைக்காதா? இதையும் தூக்கிட்டுப் போணுமா?” என்று முணுமுணுக்கிறான். “நீயா தூக்கப்போற, பஸ்ஸுக்காரன்லா தூக்குவான், சும்மா கட்டு” என்று சொன்னேன். சிரிக்கிறான். காலை முதல் அவன் ஒரு வாய் காப்பிதான் குடித்திருக்கிறான், சோறு என்றால் வேண்டாம் என்கிறான்.

தாணு உனக்கு அத்தான் என்பது தெரியும், உன் அப்பாவின் அக்கா மகன் என்பதும் தெரியும். ஆனால் அந்தக் காலத்தில் அவன் இந்த வீட்டுக்கு என்னவாக இருந்தான் என்பது உனக்குத் தெரியாது. நீ சர்க்கார் கச்சேரியில் உத்தியோகம் பார்க்கிறாய், புதுச் சட்டம்தான் உனக்குப் பழக்கம். அப்போதெல்லாம் நம் குடும்பங்களில் மருமக்கள் வழி. ஒருவர் கண்ணை மூடினால் சொத்து அவர் பிள்ளைக்குப் போகாது, அவர் சகோதரி பிள்ளைக்குப் போகும். பெண்டாட்டி பிள்ளைகளுக்கு உகந்துடைமை என்று ஏதோ கொஞ்சம், அதுவும் குடும்பத்தார் மனம் வைத்தால். நான் தாலி கட்டிக்கொண்டு வந்த நாளிலேயே எனக்குத் தெரியும், உன் அப்பா இருக்கும்வரைதான் இந்தக் கதவு எனக்குத் திறக்கும். அவருக்குப் பிறகு உன்னைக் கையில் பிடித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குத் திரும்ப வேண்டியவள் நான். வீட்டுக்கு வரப்பட்டவன், அதாவது அவருக்குப் பிறகு அது போய்ச் சேர வேண்டியவன், தாணு.

அந்த வீட்டை உன் அப்பா ஆசை ஆசையாகக் கட்டினார். கோட்டாற்றுக்கு வடக்கே, குடும்பத் தோப்பில், கருங்கல் தரை போட்டு அதன்மேல் முழுக்கப் பலகை வீடு. தோப்பில் நின்ற அயினி மரங்களை வெட்டித்தான் பலகை அறுத்தது. நிரைப்பலகை ஒன்றோடொன்று கூடி நிற்கும், இரும்பாணி ஒன்றுகூடக் கிடையாது, எல்லாம் மர முளைதான். முளைகளைத் தட்டி எடுத்தால் வீடு முழுவதையும் பிரித்து வண்டியில் ஏற்றி வேறு இடத்தில் கூட்டிக்கொள்ளலாம். இப்போது நான் உட்கார்ந்து எழுதுகிற இதே வீடுதான் அது. நீ இராஜாக்கமங்கலத்தில் பிறக்கவில்லை, அதுவும் பிறக்கவில்லை, இரண்டுபேரும் வண்டியில் வந்தீர்கள்.

நீ சின்னப் பிள்ளையாக இருக்கும்போது உன் அப்பாவுக்கு நெஞ்சில் நோவு வந்தது. இருமினால் துண்டில் இரத்தம் தெரியும். அவர் பயந்தது சாவுக்கு இல்லை, எனக்கும் உனக்கும் நிழல் இல்லாமல் போகுமே என்றுதான். தன் கைச்சம்பாத்தியத்தில் இராஜாக்கமங்கலத்தில் இந்த மனையை என் பேரில் வாங்கிவிட்டார். மனை இருக்கிறது, வீடு கட்டத் தெம்பும் இல்லை, நாளும் இல்லை. அப்போதுதான் ஒரு யோசனை. தரையை யாரும் தூக்க முடியாது, பலகையைத் தூக்கலாமே என்று. அக்காவும் தாணுவும் ஐப்பசித் திருவிழாவுக்குத் திருவட்டாறு போகிற சமயம் பார்த்து வீட்டைப் பிரித்துவிடுவது என்று முடிவு செய்தார். ஐப்பசியில் வீடு பிரிக்கிறவன் எங்காவது உண்டா? மாசி, பங்குனி வெயிலில் பிரித்தால் மரம் சுருங்கி முளை தானாக நழுவும். ஐப்பசியில் மரமெல்லாம் தண்ணீர் குடித்து வீங்கிக் கிடக்கும். நான் சொன்னேன். “பங்குனி வரைக்கும் நான் இருப்பேனான்னு நீ எழுதித் தருவியாட்டி?” என்று கேட்டார்.

ஆளை விட்டு ஒரே நாளில் கூரை ஓடுகளை எல்லாம் இறக்கியாகிவிட்டது. சாமான்களைக் கடவத்திலும் ஓலைப்பெட்டியிலும் கட்டி முற்றத்தில் வைத்தோம். உன்னை நெல் பத்தாயத்துக்குள் இருத்தி மூடியைச் சற்றுத் திறந்து வைத்தேன், நீ அதற்குள் இருந்துகொண்டு ரயில் ஓட்டினாய். மறுநாள் காலையில் ஆசாரி வந்தார். வீட்டைச் சுற்றிவந்தார், தூணைத் தொட்டுக் கும்பிட்டார், பிறகு கேட்டார், “பிள்ளைவாள், உரிமைக்காரன் எங்க?”

“நான்தாலா நிக்கேன்.”

“நீங்க இருக்கப்பட்டவரு. வரப்பட்டவரு வேணும்லா. மொத மொளைய அவரு தட்டித் தரணும். அது இல்லாம நாங்க பிரிச்ச வீடு மறுபடி கூடுனதில்ல. எனக்க அப்பன் காலத்துலயே அதுதான் மொறை.”

உன் அப்பா கெஞ்சிப் பார்த்தார், அதட்டிப் பார்த்தார். ஆசாரி உளியைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பலாமரத்தடியில் குந்திவிட்டார். அந்த நேரம் பார்த்து மழை வந்தது. மகனே, மழை என்றால் அந்த மழை. தலைக்குமேல் ஓடு இல்லை, நான்கு பக்கமும் பலகை மட்டும் நிற்கிறது, உள்ளே குளம்போலத் தண்ணீர். எந்தச் சாமானை எங்கே தூக்குவது? அரிசி மூட்டையை ஆசாரி தன் குடைக்குள் வைத்துக்கொண்டார். உன் அப்பா நடுவீட்டில் நனைந்தபடி நின்றுகொண்டு இருமுகிறார். அவரைத் தாழ்வாரத்து மூலைக்கு இழுத்து வந்து பாயைத் தலைக்குமேல் பிடித்தேன். திருவட்டாறு போகிற வண்டிக்காரர் ஒருவர் மழைக்கு ஒதுங்கப் பலாமரத்தடிக்கு வந்தார். அவரிடம், உன் அப்பாவுக்குத் தெரியாமல், “தாணுவைக் கண்டால், வீட்டைப் பிரிக்கிறோம்னு சொல்லி உடனே வரச் சொல்லுங்க” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஒளிக்க இனி என்ன மிச்சம்? கூரை இல்லாத வீட்டில் எதையும் ஒளிக்க முடியாது.

மறுநாள் உச்சிப்பொழுதில் தாணு வந்தான், அவன் அம்மாவும் வந்தாள். உன் அத்தை வண்டியிலிருந்து இறங்கும்போதே தொண்டையைத் திறந்துவிட்டாள். “நாளைக்கு எனக்க மவனுக்கு வரப்பட்ட வீட்ட இன்னைக்கே அவுத்து பொண்டாட்டி ஊருக்குக் கடத்துகியாலே? தோப்பு மரம் உனக்க சம்பாத்தியமாலே?” நான் வாசலை மறித்துக்கொண்டு நின்றேன். என் கையில் உலக்கை இருந்தது. எதற்கு எடுத்தேன் என்று இன்றும் எனக்குத் தெரியாது, தாணு இன்றுவரை அதைச் சொல்லிச் சிரிக்கிறான்.

தாணுவுக்கு அப்போது கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நல்ல வாட்டசாட்டமான ஆள். தலைத்துண்டைப் பிழிந்து உதறினான். கூரையைப் பார்த்தான், பத்தாயத்துக்குள்ளிருந்து எட்டிப்பார்த்த உன்னைப் பார்த்தான், மாமாவைப் பார்த்தான்.

“மாமா, எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கப்பிடாதா?”

“கேட்டா தந்திருப்பியாலே?”

“கேட்டிருந்தா நனையாமக் கொண்டு போயிருக்கலாம்லா.”

அவ்வளவுதான் சொன்னான். ஆசாரியிடம் போய்க் கொட்டாப்புளியைக் கேட்டான், அது அவர்களுடைய மரச் சுத்தியல். வாசல் நிலைக்குப் பக்கத்து முளையில் கையை வைத்துப் பார்த்துவிட்டு அடித்தான். அது அசையவில்லை, வீங்கி இறுகிக் கிடந்தது. திரும்பத் திரும்ப அடித்தான். அவன் அம்மா, “அடிக்காதலே, உனக்க சோத்துல நீயே மண்ணள்ளிப் போடாதலே” என்று கத்துகிறாள். அவன் அடித்துக்கொண்டே இருந்தான். கடைசியில் முளை சடக்கென்று வெளியே வந்து தண்ணீரில் விழுந்தது. உன் அப்பா முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார். அவர் அழுது நான் கண்டது அந்த ஒரு தடவைதான்.

அதற்குப் பிறகு தாணு அந்த இடத்தை விட்டு நகரவில்லை. எந்தப் பலகை எங்கே என்று ஆசாரி சுண்ணாம்பால் எழுதியதெல்லாம் மழையில் கரைந்து ஓடியது. இரண்டுபேரும் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டு உளியால் மறுபடி கீறினார்கள். தன் மாடுகளைப் பூட்டி, வழியெல்லாம் சேற்றில் சக்கரம் புதையப் புதையத் தோள் கொடுத்து, பலகைகளை இங்கே கொண்டுவந்து சேர்த்தான். வீட்டைக் கூட்டி ஓடு வேய்ந்து முடிக்கும்வரை இந்த மனையிலேயே ஓலை சாய்த்துக் கட்டிய ஒரு சாய்ப்பில் படுத்துக்கிடந்தான். மரம் ஈரத்தோடு கூடியதால் வாசல் கதவு மூடவே இல்லை. தை முழுவதும் வெயில் அடித்து ஒருநாள் அது தானாகப் போய் நிலையோடு பொருந்தியது. உன் அப்பா கட்டிலில் இருந்தபடி அந்தச் சத்தத்தைக் கேட்டு, “கதவு அடைச்சுட்டுது பாத்தியா” என்றார். அடுத்த மழைக்கு அவர் இல்லை. ஆனால் அவர் போனபிறகு என்னையும் உன்னையும் எழுந்து போ என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. நீ படித்தது, வேலைக்குப் போனது, உனக்குப் பெண் கேட்டு வந்தவர்களை உட்கார வைத்தது எல்லாம் இந்தப் பலகைக்குள்தான். நான் கும்பிடுகிற சாமிகளோடு சேர்த்து தாணுவின் பேரையும் தினமும் ஒருமுறை சொல்லிக்கொள்கிறேன். அவனுக்குத் தெரிந்தால் கேலி செய்வான்.

சில வருஷம் கழித்துச் சட்டம் வந்தது. பிள்ளைகளுக்குச் சொத்து என்றார்கள், குடும்பங்கள் பாகம் பிரிந்தன. நல்ல சட்டம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் நீ ஒன்றை யோசித்துப் பார். சட்டம் சொன்னபிறகு கொடுத்தவர்கள் ஊரெல்லாம் இருக்கிறார்கள். சட்டம் தன் பக்கம் இருந்தபோதே கொடுத்தவன் தாணு. பாகம் பிரியும்போது தாய்வீட்டில் அவனவன் அறையையும் நிலத்தையும் முந்திக்கொண்டான். சண்டைபோடத் தெரியாத தாணுவுக்கு வந்தது ஒரு துண்டு வயலும், அந்தத் தோப்பின் தென்பக்கமும். அதாவது நம் வீடு முன்பு நின்ற இடம். வீடு இல்லை, கருங்கல் தரை மட்டும் இருக்கிறது.

போன வாரம் அவன் பெண்ணுக்கு என் பழைய குத்துவிளக்கைக் கொடுக்கலாம் என்று அங்கே போனேன். அவன் ஒருநாளும் என்னை அங்கே அழைத்ததில்லை, ஏன் என்று அன்று தெரிந்தது. தோப்பு ஓரத்தில் ஓலைச் சாய்ப்பு, மண்சுவர், ஒரு பக்கம் கடந்த மழையில் விழுந்து தட்டி வைத்து மறைத்திருக்கிறது. பெண்ணுக்கு மாப்பிள்ளை பேசிவைத்திருக்கிறார்கள். ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் வந்தால் எங்கே உட்காருவார்கள்? அவன் மனைவியைக் கேட்டேன். “பாப்போம் மாமி” என்று சொல்லிவிட்டு எனக்கு மோர் எடுக்கப் போனாள். நான் அந்தக் கருங்கல் தரையில் போய் உட்கார்ந்தேன். தூண் நின்ற குழிகள்கூட அப்படியே இருக்கின்றன, அவற்றில் சருகு நிறைந்து கிடக்கிறது. அந்தத் தரைக்கு இந்த வீட்டைத் தவிர வேறு வீடு பொருந்தாது.

நேற்று தாணு நம் சுவரைத் தடவிக்கொண்டே சொன்னான், “நல்ல மரம் மாமி. வித்தா நல்ல எடத்துல குடுக்கச் சொல்லுங்கோ தம்பிகிட்ட. அறுத்து வெறகாக்கிரப்பிடாது.” மனதில் எதையும் வைத்துக்கொண்டு சொல்லவில்லை. அவனுக்கு அப்படியெல்லாம் சொல்லத் தெரியாது. எனக்குத்தான் அந்த இடத்தில் நிற்க முடியவில்லை, அடுப்பைப் பார்க்கப் போவதுபோல உள்ளே போய்விட்டேன்.

இப்போது உனக்குப் புரிந்திருக்கும். மனை என் பேரில் இருக்கிறது, வீடும் என்னுடையது என்று நான் பிடிவாதம் பிடித்தால் நீ மறுக்கப் போவதில்லை. ஆனால் எனக்கு அது போதாது. நான் கொடுத்தால் அது ஒரு கிழவி செய்த தர்மம், தாணு அதை வாங்கவும் மாட்டான். எனக்குப் பிறகு இது உனக்கு வருவது. இன்றைக்கு உரிமைக்காரன் நீ. அதனால் நான் தாணுவிடம் ஒரு வார்த்தையும் சொல்லாமல், முதலில் உன்னைக் கேட்கிறேன். கேட்காமல் பிரித்து ஒருமுறை நனைந்தது போதும். உனக்கு மனமில்லை என்றால் எழுது, வியாபாரி வரட்டும், நான் உன்னோடு வந்து உன் புதுக் கட்டிலைத் துடைத்துக்கொண்டு இருப்பேன், ஒரு நாளும் குத்திக்காட்ட மாட்டேன். சரி, குத்திக்காட்டாமல் இருக்கப் பார்க்கிறேன். பகவதி, அலமாரி கொஞ்ச நாள் கழித்து வந்தால் உனக்குக் கோபமா அம்மா? உன் புடவைகளுக்கு என் நார்ப்பெட்டியைத் தருகிறேன், அதில் பூசணம் ஏறாது.

மனமிருந்தால், பங்குனி முடியுமுன் இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு வா. வெயில் நன்றாக அடிக்கிறது, முளையெல்லாம் தளர்ந்து நிற்கிறது. அந்த ஆசாரி இப்போது இல்லை, அவர் மகனிடம் சொல்லிவைத்திருக்கிறேன். அவனும் உரிமைக்காரன் எங்கே என்ற அதே கேள்வியைத்தான் கேட்டான். பாத்திரம், பாய், அம்மி, என் துணி எல்லாம் கட்டியாகிவிட்டது. ஆசாரி மகனிடம் வாங்கிய கொட்டாப்புளியை மட்டும் வாசல் நிலைக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்திருக்கிறேன். நீ வந்து முதல் முளையைத் தட்டு, மகனே. இந்த முறை தாணுவின் வீட்டை நனையாமல் கொண்டுபோய்ச் சேர்ப்போம்.